நாலரை இஞ்ச் குதிகால்

“சீ, கண்றாவி! கண்கொண்டு பார்க்க முடியல!”

பக்கத்து நாற்காலிக்காரர் முகத்தைச் சுளித்ததும் லொரெட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன்பாலின ஈர்ப்பாளர், திருநர் போன்ற பால்புதுமை மாணவர்களுக்கென்று பல்கலைக்கழகம் தனியாக நடத்தும் பட்டமளிப்பு விழா அது. அவள் மகள் க்வென் தன் காதலியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

“யாரைச் சொல்றீங்க?”

“அதோ, அந்த நாலரை இஞ்ச் குதிகால் செருப்பைத்தான். நடையா அது? வாத்துகூட ஒழுங்கா நடக்கும். மூஞ்சியில வேற என்னத்தையோ அப்பிக்கிட்டு வந்திருக்கான். என் பையன்னு வெளிய சொன்னா வெட்கக்கேடு!”

மேடையோரம் உதட்டுச் சாயத்தோடு நின்ற ரஸ்ஸல், அப்பா டுவேனின் முகத்தையே பார்த்துக் கையைப் பிசைந்துகொண்டிருந்தான். பாவம், வெளிறிப்போயிருந்தான்.

லொரெட்டாவின் புருஷனும் இதே வெட்கக்கேட்டைச் சொல்லித்தான் மகள் பட்டம் வாங்குவதைப் பார்க்க வராமல் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டான். இந்த ஜென்மங்கள் எல்லா ஊரிலும் இருக்கும்போல.

“கொஞ்சம் வாயை மூடுங்க. உங்க புள்ளை பார்க்கிறான்.”

“பார்க்கட்டுமே! அப்பவாச்சும் புத்தி வரட்டும்.”

பட்டம் வாங்குகிறவர் தனக்கு வேண்டிய ஒருவரை மேடைக்குக் கூப்பிடுவார். வந்தவர், பட்டம் வாங்குகிறவரின் கழுத்தில் வானவில் நிறக் கயிற்றை மாட்டிவிட வேண்டும். ரஸ்ஸல் மைக்கைப் பிடித்தான்.

“எங்க அப்பா,” என்றான்.

வேறு ஆளே கிடைக்கவில்லையா இந்தப் பையனுக்கு என்று லொரெட்டா பதறினாள்.

டுவேன் தடதடவென்று மேடையேறினார். நீட்டிய கயிற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைக்குட்டையை எச்சிலில் நனைத்து, மகனின் தாடையை முரட்டுக் கையால் பிடித்துக்கொண்டு கண்ணோரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். ரஸ்ஸலுக்குக் கண் கலங்கிவிட்டது.

இத்தனை பேர் முன்னால் பெற்ற பிள்ளையின் ஒப்பனையை அழிக்கிறானே, இவனெல்லாம் ஒரு மனுஷனா! லொரெட்டா எழுந்தேவிட்டாள்.

“யோவ், விடுய்யா அவனை!”

ரஸ்ஸல் கையிலிருந்த மைக் வழியே டுவேனின் அதட்டல் அரங்கம் முழுக்கக் கேட்டது.

“அழாதடா, மை கரையுது! இருபது வருஷம் மேடையில பொம்பளை வேஷம் கட்டி ஆடினவன் புள்ளை, கோணலாவா மை போடுவே?”