ரெண்டில ஒண்டு

"ஓடுறதெண்டால் ஓடு. வலைப்பந்துக்கு இனி வராத. ரெண்டு தோணியில கால் வைக்கிற பிள்ளை என்ர டீமுக்கு வேண்டாம்."

அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால சந்திரவதனா டீச்சர் இப்பிடிச் சொல்லிப்போட்டா. அதுவும் நோன்பு மாசத்தில, வலயப் போட்டி வாசலுக்கு வந்து நிக்கிற நேரத்தில.

நிஸ்ரின் அழுதழுது வீட்டுக்கு வந்தாள். பதினாலு வயசு. பாலாவிப் பக்கத்து அந்தப் பள்ளிக்கூடத்தில கோல் போட அவளை விட்டால் வேற ஆளில்லை. ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓட்டத்திலயும் அவள்தான் முதல். நோன்பு புடிக்கச் சஹர் சாப்பிட்டு, விடிய ஓட்டம் பழக்கிற சவிரிமுத்து சேரிட்டப் பயிற்சி, பின்னேரம் டீச்சரிட்ட வலைப்பந்து. ரெண்டில எது கூட விருப்பம் எண்டு கேட்டால், எந்தக் கண் கூட விருப்பம் எண்டு கேட்ட மாதிரி முழிப்பாள்.

உம்மா கமறியாவுக்கு வந்த கோவத்தைச் சொல்லி முடியாது. இந்தப் பிள்ளையை விளையாட விடுறதுக்கு அவ பட்ட பாடு அவவுக்குத்தான் தெரியும். குமர்ப்பிள்ளைக்கு என்ன ஓட்டமும் பாட்டமும் எண்டு சொந்தக்காரர் எல்லாரும் நெருக்கினவை. மனிசன் அஹமட்டும் ஊரில இல்லை. நாட்டில சண்டை முடிஞ்சிட்டுது எண்டு, முந்தி விட்டிட்டு வந்து மன்னாரில காடாக் கிடந்த தங்கட காணியைத் துப்புரவாக்கப் போயிருந்தார். கமறியா ஒற்றை ஆளா நிண்டு எல்லாருக்கும் வாய் குடுத்தவ.

நோன்பு தொடங்க முதல் நடந்த பெற்றார் கூட்டத்திலயும் அவதான் எழும்பிச் சொன்னவ.

"என்ட மகள் நோன்பும் புடிப்பாள், ரெண்டும் விளையாடுவாள். ஆனா ஒரே ஒருக்கா அவளுக்குத் தலை சுத்தினது எண்டு என்ட காதில விழுந்தா, அண்டைக்கே ரெண்டையும் நிப்பாட்டுவன். பிறகு ஒருத்தரும் என்னோட வந்து கதைக்கப்படாது."

சொன்னால் சொன்னதுதான். சோதினை முடியிற வரைக்கும் டீவி இல்லை எண்டு ஒருக்காச் சொன்னவ, டீவியையே தூக்கித் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிப்போட்டா. அந்தப் பயத்தில நிஸ்ரின் ஒரு தலையிடியைக்கூட வீட்டில வாய் திறந்து சொல்லமாட்டாள்.

அடுத்த நாள் கமறியா பள்ளிக்கூடத்துக்குப் போய் ஏன், எதுக்கு எண்டு கேட்டுப் பாத்தா. டீச்சர் முகத்தைப் பாக்காமல் பந்துகளைப் பையுக்க போட்டுக்கொண்டே, சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான் எண்டா.

"எங்கட பிள்ளை எண்டபடியால்தானே? அவட ஆக்களிண்ட பிள்ளையெண்டா இப்பிடிச் செய்வாவா?" எண்டு ஒழுங்கை முழுக்கக் கேக்கக் கத்தினா கமறியா.

டீச்சரும் அதே ஒழுங்கையில்தான் இருந்தா. சண்டைக்காலத்தில வன்னியால வந்து இங்கயே தங்கிப்போன ஆள். ஒவ்வொரு நோன்புக்கும் பின்னேரம் அவட வீட்டுக்கு ஒரு கோப்பை கஞ்சி போகும். கமறியாதான் அனுப்புவா. அண்டையோட அது நிண்டுது. அதைப் பாத்துப் பக்கத்து வீட்டுக்காரரும் நிப்பாட்டினவை. டீச்சர் ஒண்டும் கேக்கவும் இல்லை, மற்றப் பிள்ளைகளோட சிரிக்கிறதை விடவும் இல்லை. அது கமறியாவுக்கு இன்னும் எரிஞ்சுது.

வலயப் போட்டியில பள்ளிக்கூடம் முதல் ஆட்டத்திலயே தோத்துது. கோல் போட ஆளில்லாமல் டீச்சர் கோட்டுக்கரையில தலையில கை வைச்சுக்கொண்டு இருந்தாவாம். நல்லா வேணும் எண்டு சொல்லிப்போட்டுக் கமறியா அண்டைக்குச் சந்தோசமா நோன்பு திறந்தா.

பெருநாள் முடிஞ்சு கொஞ்ச நாளில குருநாகலில மாகாண ஓட்டம். நிஸ்ரின் இரண்டாவதா வந்தாள். அகில இலங்கைப் போட்டிக்கும் எடுபட்டாள். அஹமட் மன்னாரில இருந்து ஃபோனிலேயே அழுதார்.

அதுக்கு அடுத்த நாள்தான் டீச்சரிட்ட இருந்து சேதி வந்துது. நிஸ்ரினைப் பின்னேரம் வலைப்பந்துக்கு வரச் சொல்லட்டாம். நிஸ்ரின் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வெளிக்கிட்டாள். கமறியா விடுவாவா? மகளுக்கு முன்னால தான் போனா.

"இப்ப அந்தச் சட்டம் எங்க போச்சுது டீச்சர்? பேர் வந்த உடன ரெண்டு தோணியும் ஒண்டாப் போயிட்டுதோ?"

டீச்சர் நிஸ்ரினைப் பந்து எடுத்துக்கொண்டு வர அனுப்பினா. அவள் தூரப் போற வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டா. பிறகு மெல்லச் சொன்னா.

"அப்பிடி ஒரு சட்டமே இல்லை கமறியா. நான் அவளை வராத எண்டு சொன்னதுக்கு முதல் நாள் பின்னேரம் பிள்ளை கோல் கம்பத்தைப் புடிச்சுக்கொண்டு நிண்டவள். கண் இருட்டிப்போச்சுது. என்னம்மா எண்டு கேட்டால், சப்பாத்துக் கயிறு கட்டினனான் டீச்சர் எண்டு பொய் சொல்லுறாள். ஓய்வெடு எண்டால் கேக்கிற பிள்ளையா அவள்? நோன்பை விடு எண்டு சொல்ல நான் ஆர்? சவிரிமுத்து சேரிட்டச் சொல்லி விடிய ஓட்டத்தையும் அரைவாசியாக் குறைச்சனாங்கள்."

கமறியாவுக்கு முகம் வெளுத்துப்போச்சுது. பெத்தவ தனக்குத் தெரியாமல் போச்சுதே எண்ட கவலை ஒரு பக்கம், ஒழுங்கையில கத்தினதை நினைச்ச வெக்கம் ஒரு பக்கம்.

"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"சொல்லியிருந்தால் நீங்கள் ரெண்டு விளையாட்டையும் நிப்பாட்டியிருப்பீங்கள். அதான் நான் என்ரயை மட்டும் நிப்பாட்டினன்."