வெள்ளத்தில் குளித்த மோட்டார்

வெள்ளம் புகுந்தால் இறைக்க வேண்டுமென்றுதான் மோட்டாரை நிலவறைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அடைமழையில் முதலில் மூழ்கியதும் அதுதான். படியோரம் மிதந்த தகர வாளிக்குப் பதறியது. வீட்டுக்காரர் பார்த்தால் மோட்டார் அண்ணனைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவாரே!

"அண்ணே, உயிரோட இருக்கீங்களா?"

"குளிச்சிட்டிருக்கேன், தெரியல?" என்றது குமிழிகளுக்கு நடுவே மோட்டார்.

வாளி படியேறி இறங்கி ஆயிரத்தெட்டு நடை தண்ணீரை வெளியே கொட்டியது. இடுப்பு நசுங்கியது, கைப்பிடி கழன்றது. தரையில் ஒரு டம்ளர் தண்ணீர்தான் மிச்சம்.

மோட்டார் தொண்டையைச் செருமியது. "தள்ளு தம்பி, இனிமே நான் பாத்துக்கறேன்."

அந்த ஒரு டம்ளரை அது தெருவே அதிர இறைத்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த வீட்டுக்காரர், "நீ மட்டும் இல்லேன்னா!" என்று மோட்டாரைத் தட்டிக்கொடுத்தார்.

வாளிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பக்கத்தில் நின்ற துடைப்பத்திடம் சொன்னது: "எங்கண்ணனாக்கும்!"