கூரைமேல் போத்தல்கள்

பாக்கியலெட்சுமி பார்த்துவிட்டாள்.

காய்ச்சல் என்று சொல்லிக் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகாமல் அறையில் படுத்திருந்தாள். வெளியே சத்தம் கேட்டுக் கதவிடுக்கால் எட்டிப் பார்த்தால், லயத்து வீட்டுவரிசையைக் கூட்டுகிற இராக்கம்மா! வாசலில் இருந்த குடிதண்ணீர்ச் செம்பைச் சாக்கடைக் கானில் கவிழ்த்துவிட்டு, மடியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து அதில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பிறகு அடுத்த வீட்டுச் செம்பு. அதற்கும் அடுத்தது.

கோப்பிச் செடிகள் நோயில் செத்துத் தேயிலை நட்ட காலம் அது. நமுனுகுல மலையடியில் அந்தத் தோட்டத்தை வாந்திபேதி பிடித்திருந்தது. பள்ளத்து லயத்தில் காலையில் கொழுந்துக்குப் போனவர்களை மாலையில் குழிக்குத் தூக்கினார்கள். மேட்டு லயத்துக்கு மட்டும் இன்னும் வரவில்லை. எந்த நேரமும் வரும் என்று எல்லோரும் தங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எவள் கொண்டுவரப் போகிறாள் என்பது இப்போது தெரிந்துவிட்டது.

வேலை விட்டு வந்ததும் லயமே திரண்டது. மலையிலிருந்து வந்த ஆண்கள் கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைக்கவில்லை. இராக்கம்மாவைப் பிள்ளையோடு இழுத்துவந்து மாரிசாமி கங்காணி முன்னால் நிறுத்தினார்கள்.

“செம்புல என்னத்தடி ஊத்தின?”

“தண்ணிங்க சாமி.”

“தண்ணியை எவளாவது ஒளிஞ்சு ஊத்துவாளா?” என்றாள் பாக்கியலெட்சுமி.

கங்காணி போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். “அப்ப உன் பிள்ளைக்குக் குடு.”

இராக்கம்மா கொடுத்தாள். பிள்ளை மடக்மடக்கென்று குடித்தது. யாரும் நகரவில்லை. பிள்ளையின் வயிற்றையே பார்த்தபடி நின்றார்கள். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியது. பிள்ளை ஏப்பம் விட்டு இன்னும் கேட்டது.

அதற்குப் பிறகுதான் அவளைப் பேச விட்டார்கள். பங்களாவில் துரைசாணி தன் குழந்தை குடிக்கிற தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து, காலையிலிருந்து பொழுது சாயும்வரை வெயிலில் கிடத்திவைத்துத்தான் கொடுக்கிறாளாம். அங்கே யாருக்கும் பேதி இல்லை. குப்பை அள்ளப் போனபோது அதைப் பார்த்துத்தான் இராக்கம்மா பங்களாக் குப்பையில் போத்தல் பொறுக்கினாள். கழுவி, ஓடைத் தண்ணீர் பிடித்து, லயத்துக்கு வெளியே இருந்த தன் குடிசையின் தகரக் கூரையில் காயவைத்தாள். எல்லோரும் மலைக்குப் போனதும் ஓடைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இதை ஊற்றினாள். பள்ளத்து லயத்தில் முதல் பிணம் விழுந்த மறுநாளிலிருந்து.

“சொல்லிட்டுச் செய்றதுக்கென்ன?” என்று கங்காணி கேட்டார்.

“என் கையால தந்தா வாங்கிக் குடிப்பீங்களா சாமி?”

பாக்கியலெட்சுமி தொண்டைக்குள் விரலை விட்டு ஓங்கரித்தாள்.

விஷம் என்று நினைத்தபோது பயந்தார்கள். விஷமில்லை, அவள் கைபட்ட தண்ணீர் என்று தெரிந்த பிறகுதான் லயத்துக்கே குமட்டியது. செம்புகளைக் கவிழ்த்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார்கள். விடிந்தால் அவள் தோட்டத்தில் இருக்கக்கூடாது என்றார் கங்காணி. கணக்குத் தீர்த்துத் தருகிற பத்துச்சீட்டும் கிடையாது. அது இல்லாதவளை வேறு எந்தத் தோட்டமும் பெயர் பதியாது. போத்தல்களையும் பிடுங்கிக்கொண்டார்கள், கல்லில் போட்டு உடைக்கவேண்டுமாம்.

மறுநாள் வெயில் ஏறும்போது, இடுப்பில் பிள்ளையோடு பதுளைப் பாதை வளைவுவரை வந்த இராக்கம்மா, கண் கூசித் திரும்பிப் பார்த்தாள்.

மேட்டு லயத்துக் கூரை நெடுகப் போத்தல்கள் மின்னின. கங்காணி வீட்டுக் கூரையில் இடமே இல்லை.

எல்லாம் அவளுடைய போத்தல்கள்தான். புளி போட்டுத் தேய்த்ததில் இன்னும் பளபளவென்று இருந்தன.