மாமன் சீர்

ஏற்காட்டில் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்த குமரேசன் அந்தச் செய்தியைக் கேட்டதும் கையிலிருந்த கேசட்டைக் கீழே வைத்தான்.

"பையன் காதுகுத்துக்கு மாமன் சீரா வீடியோ கேம் வந்திருக்குதுங்க. டிவியில மாட்டோணுமாம். நாளைக்குப் படம், பாட்டு எல்லாமே அந்தப் பெட்டியிலயே வருமாமுங்க!" என்றார் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் பொன்னுரங்கம்.

கேபிள் வந்த பிறகு, சனிக்கிழமை தவறாமல் படம் போடும் டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுக்க மிஞ்சியிருந்தது இவர் ஒருவர்தான். இவரும் போய்விட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

"அய்யோ, அதை மாட்டாதீங்க! டிவியோட பிக்சர் டியூப் வெடிச்சுப் போயிருமுங்க. புள்ளைங்க இருக்கற ஊடு!"

பொய்தான். குமரேசனுக்கு வேறு வழி தெரியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னான். ரைட்டரின் முகம் வெளிறியது.

அடுத்த சனிக்கிழமை ரைட்டர் சிரித்துக்கொண்டே வந்தார். போன உயிர் திரும்பியது குமரேசனுக்கு. அவசரமாக டெக்கை எடுத்துத் துடைத்தான்.

"புதுப்படம் வந்திருக்குதுங்க. அந்தப் பெட்டியைத் திருப்பிக் குடுத்துட்டீங்களா?"

"மாமன் சீரை எப்படிங்க திருப்பறது? சொந்தமே அத்துப் போயிரும். பையன் வேற மாட்டியே தீருவேன்னு ஒரே அழுகை. நீங்க சொன்னது நொம்ப நல்லதாப் போச்சுங்க..."

ரைட்டர் குமரேசனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெடிக்கறதுக்குள்ள டிவியை வித்துட்டனுங்க!"