நசியாத தேசிக்காய்

இந்தக் காலத்து ஆட்களுக்கு நல்ல தார் ரோட்டில் ஓடினால் மனம் ஆறாது. கல்லும் புழுதியும் தேடிக் கப்பலேறிப் போகிறார்கள்.

என் மருமகன் அம்பலவாணன் அப்படித்தான். புது ஜீப் வாங்கி லண்டன் லூயிஷாம் சிவன் கோயிலில் பூசை செய்தான். குங்குமம் பூசிய எலுமிச்சைகளை, எங்கள் பேச்சில் தேசிக்காய்களை, நாலு சில்லுகளுக்கும் அடியில் வைத்து ஜீப்பை ஏற்றினான். பின்பக்க இடது சில்லின் காய் மட்டும் நசியாமல் உருண்டு சாக்கடைக்குள் விழுந்தது. வேறொன்று வைக்கச் சொன்னேன். சிரித்துவிட்டு, என் மகள் வசந்தமலரையும் ஏற்றிக்கொண்டு மொரோக்கோ போனான்.

திரும்பி வந்து தோர்ண்டன் ஹீத் வீட்டில் வீடியோ போட்டுக் காட்டினான். இரு பக்கமும் செங்குத்து மலை, நடுவே கல்லுப் பாதை. மரமும் இல்லை, மனிதரும் இல்லை. பாதையில் குங்குமம் பூசிய ஒரு தேசிக்காய் கிடந்தது. ஜீப் அதன்மேல் ஏறிப் போனது. அடுத்த வளைவிலும் ஒன்று கிடந்தது.

"முன்னாலை போன ஆரும் போட்டிருப்பினம் மாமா."

"அங்கை ஆர் தம்பி தேசிக்காய்க்குக் குங்குமம் பூசுறவை?"

அவன் வீடியோவை நிறுத்தினான். என்னை வீட்டில் விட ஜீப்படிக்கு வந்தோம். பின் இடது சில்லடியில் ஒரு தேசிக்காய் கிடந்தது. குங்குமத்தில் மணல் ஒட்டியிருந்தது.

"பக்கத்துக் கடையிலையிருந்து உருண்டு வந்திருக்கும். ஏறுங்கோ மாமா."

முன் இருக்கையில் ஏறியிருந்த வசந்தமலர் மெல்லச் சொன்னாள். "அங்கையும் ஏத்தி ஏத்திப் பாத்தம் அப்பா. நசியேல்லை."

"இறங்கு பிள்ளை," என்றேன். இறங்கினாள்.

"அது வெறும் தேசிக்காய் மாமா!" என்று கத்திக்கொண்டு அவன் என்ஜினைப் போட்டான். நான் நம்பவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். பின்னால் ஜீப் நகரும் சத்தம் கேட்டது. ஏதும் நசிந்த சத்தம் கேட்கவில்லை.