முதல் பெட்டியின் ஜன்னல்

கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

எடுத்தால் முகம் தெரிந்துவிடும். முகம் தெரிந்தால் பயல் ஓடிவிடுவான்.

மணி ஐந்து ஐம்பது. வில்லாக வளைந்து கிடந்த பிளாட்பாரத்தின் கடைசியில் எட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். எல்லார் கையிலும் கேமரா. அவர் கையில் இருந்தது இரவல்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து ஊர் ஊராகப் போய்ப் படம் எடுக்கிற கூட்டம் அது. போன மாதம் இதே ஸ்டேஷனில் எடுத்த ஒரு படத்தை முகநூலில் போட்டிருந்தார்கள். வளைவில் வந்து நிற்கும் காலை பாசஞ்சர். அதில் ஒரு ஜன்னலில், கடுகளவு, ஒரு தலை.

அவர் மனைவி சொர்ணம் பார்த்துவிட்டாள். பெற்றவள் கண்ணுக்குக் கடுகு போதாதா?

"நம்ம ராசாதான். தெனமும் அந்த ரயில்லதான் வேலைக்குப் போறாம்போல. போய்க் கூட்டிட்டு வாங்க," என்றாள். அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பதினொரு மாதத்துக்கு முன்னால், கடைத்தெருவில் நாலு பேர் பார்க்க மகனை அடித்தவர் அவர். செருப்பால். இருபத்து மூன்று வயதுப் பிள்ளையை. இன்றைக்குக் காரணம் கேட்டால் அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. அன்று போனவன்தான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். வயிறு காய்ந்தால் தானாக வருவான் என்று ஒரு வாரம் வீறாப்புப் பேசிக்கொண்டு திரிந்தார். அப்புறம் பேச வாய் வரவில்லை.

கூட்டத்தைக் கூட்டிப் போகிறவன் ஜெரால்டு. அவனிடம் போய், படம் எடுக்க ரொம்ப ஆசை, கேமராதான் இல்லை என்றார்.

ஆசையாம்! தன் கல்யாணப் படத்துக்கே நேராக நிற்காத மனுஷன்.

பாவம் ஜெரால்டு, நம்பிவிட்டான். தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டுகிற நீள லென்ஸை மாட்டி ஒரு கேமராவையே கையில் கொடுத்தான்.

"வளைவோட கடைசியில நின்னா எல்லா ஜன்னலும் தெரியும் சார்," என்றான். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. இன்று எந்தப் பெட்டியில் ஏறியிருக்கிறானோ, யார் கண்டது?

கேமராவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது. ஆளைக் கண்டதும் பாய்ந்து ஓடி அந்தப் பெட்டியில் ஏறுவது. காலில் விழ வேண்டுமென்றால் விழுந்துவிடுவது. இவ்வளவுதான் திட்டம்.

ரயில் நிற்பது இரண்டு நிமிடம்.

வந்தது. பக்கத்தில் ஓடிய பெட்டிகள் லென்ஸில் வெறும் கலங்கலாகப் போயின.

நின்றது.

ஒவ்வொரு ஜன்னலாகத் துழாவினார். பூக்கூடைக்காரி. வாயைத் திறந்து தூங்கும் போலீஸ்காரர். கைக்குழந்தை. காலி ஜன்னல். காலி ஜன்னல்.

முதல் பெட்டி.

இருந்தான்.

மீசை வைத்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. காதோரத்து மச்சம்கூடத் தெரிந்தது. தொட்டுவிடும் தூரத்தில் இருந்தான்.

விரல் தன்பாட்டுக்குப் பொத்தானை இரண்டு மூன்று தரம் அழுத்தியது. கண் நிறைந்து எல்லாம் மங்கிப்போயிற்று.

"எய்யா, ராசா," என்று கூப்பிட்டார். பக்கத்தில் இருக்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி, மெல்ல. கன்னத்தைத் தொடக் கையைக்கூட நீட்டினார்.

அட, கிறுக்கு மனுஷா!

கேமராவை இறக்கிப் பார்த்தால் முதல் பெட்டி எங்கேயோ கிடந்தது. நடுவில் ஒன்பது பெட்டி.

எஞ்சின் ஊதிவிட்டது.

ஓடினார். ஐம்பத்தெட்டு வயது. கேமரா நெஞ்சில் இடித்தது. கடைசிப் பெட்டியும் அவரைத் தாண்டிப் போனது.

"ரயில் பின்னாலயே ஓடிப் படம் எடுக்கிறவர இன்னைக்குத்தான் பாக்கேன்," என்று ஜெரால்டு சிரித்தான். ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. போன இடத்திலேயே, டீ குடித்து முடிப்பதற்குள், ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்துவிட வேண்டும். அப்போதுதான் கண் பழகுமாம்.

ஜெரால்டு அவருடைய கேமராவை வாங்கி ஒவ்வொன்றாகக் காட்டினான். மூன்றே படங்கள்.

முதலாவதில் பயல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவதில் நேரே அவரைப் பார்த்தான். யாரென்று கண்டுகொண்ட பார்வை. கேமரா முகத்தை மறைத்தால் என்ன, அப்பன் நிற்கிற நிற்பு தெரியாதா? சந்தேகமே இல்லை.

மூன்றாவதில் முகம் இல்லை. ஜன்னல் கதவு பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. அதை இழுத்து மூடுகிற நாலு விரல் மட்டும் தெரிந்தது.

டீ கிளாஸைக் கீழே வைத்தார். ரயில் ஒரு மணி நேரம் நின்றிருந்தாலும் அவன் இறங்கியிருக்க மாட்டான்.

"இதான் சார் படம்!" ஜெரால்டு துள்ளினான். "அந்த விரலப் பாருங்க! இத வச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் அழிச்சிருங்க."

எந்தப் பொத்தான் என்று கேட்டார். காட்டினான்.

மூன்றாவதை அழித்தார். இரண்டாவதையும் அழித்தார்.

"ஐயையோ, என்ன சார் இது! நல்லதெல்லாம் போச்சே!"

மிச்சமிருந்த ஒன்றைத் தன் போனில் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார். உடனே சொர்ணத்திடமிருந்து போன் வந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

"மெலிஞ்சுட்டான். மீச வச்சிருக்கான், பாத்தியளா? உங்ககிட்ட என்ன சொன்னான்?"

"அதுக்குள்ள ரயில் கெளம்பிட்டு," என்றார். "அவன் என்னயப் பாக்கல, சொர்ணம். பாத்திருந்தா எறங்கி ஓடி வந்திருப்பான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, பதினொரு மாதமாக அந்தக் குரலில் இல்லாத ஒரு தெம்பு.

"அப்பம் நாளைக்கும் போங்க. அந்தக் கேமராவத் தூரப் போட்டுட்டு, அவன் கண்ணுல படுத மாதிரி முன்னால போய் நில்லுங்க."