தொட்டிக்குள் ஒருவர்

காகித ஆலையின் கூழ்த்தொட்டியைக் கழுவியவர்கள், உள்ளே போகுமுன் பாதுகாப்புக்காகக் கதவில் மாட்டிய அவரவர் பூட்டைக் கழற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஆனாலும் கட்டுப்பாட்டு அறையில் இருந்த லொரெட்டாவின் திரை, தொட்டிக்குள் ஒருவர் இருப்பதாகக் காட்டியது. பூஜ்யமாக மாற்றினாள். வேறு திரைக்குப் போய்த் திரும்பினால் மறுபடியும் ஒன்று.

"கூழ் கலக்குற மெஷின ஓட்டுறியா, வேலைய விட்டுட்டுப் போறியா?" என்று கத்தினான் மேற்பார்வையாளன் டுவெய்ன்.

"உள்ள ஆள் இருந்தா கூழாயிடுவான். நீயே போய்ப் பாரு."

"பயந்தாங்கொள்ளி!"

அவன் தொட்டிக்குள் இறங்கியதும் திரை இரண்டு என்றது. வெளியே வந்ததும் பூஜ்யம்.

"எலிகூட இல்ல. உன்ன மாதிரி முட்டாள..." என்று திட்டியபடியே அறைக்குள் நுழைந்தான்.

லொரெட்டா தங்கள் அறையில் இருப்பவர்களின் எண்ணிக்கையைக் காட்டும் திரைக்கு மாறினாள். அவர்கள் இருவர்தான் இருந்தார்கள், திரையில் மூன்று. சலிப்போடு இரண்டு என்று திருத்தினாள்.

பின்னால் டுவெய்னின் திட்டு பாதியில் நின்றது. ஈரமான மூச்சு மட்டும் கேட்டது. இந்த முறை எண் மூன்றுக்குத் திரும்பவில்லை, இரண்டாகவே நின்றது.